தாங்குறது மட்டும் போதும்

காலையில் செத்ததை அள்ளுவதுதான் அவளுடைய முதல் வேலை. தேநீர் வடிகட்டி அளவில் ஒரு வலை. ஆறு கண்ணாடித் தொட்டிகள். எல்லாவற்றிலும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள். செத்தவை வயிறு வெளுத்து மேலே மிதக்கும். அவற்றை அள்ளி வாளியில் போட்டபின் ஹீட்டரின் திருகை அரை டிகிரி கூட்டிவைப்பாள்.

மலையில் இருந்த ஓடை வருடத்துக்கு வருடம் சூடாகிக்கொண்டிருந்தது. கரை மரங்கள் பட்டுப்போய் நிழல் இல்லை. கோடையில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தொட்டது. அந்த ஓடையை விட்டால் வேறு எங்கும் இல்லாத தவளை அது. ஓடையைக் குளிரவைக்க வழியில்லை என்று முடிவாகிவிட்டதால், தவளையை ஓடைக்கு ஏற்றபடி மாற்றுவது என்று திட்டம் போட்டார்கள். கிடைத்த முட்டைகளை எல்லாம் அவள் வேலை பார்த்த ஆய்வு மையத்துக்குக் கொண்டுவந்து பொரிக்கவைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, சாகாமல் மிஞ்சுவதை மட்டும் ஓடையில் விட வேண்டும்.

"எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நினைச்ச காலம் போச்சு. தாங்குறது மட்டும் போதும்" என்பார் மையத்தின் இயக்குநர்.

இயக்குநர் அவளுடைய அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள். வீட்டில் அத்தான், மையத்தில் சார். முதல் நாள் வாய்தவறி "அத்தான்" என்று கூப்பிட்டபோது, "இங்க யாரும் உனக்குப் பொண்ணு குடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல" என்றார் எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் அவளுக்கு வைத்த பெயர் சுண்டெலி. அது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தண்ணீர் இருபத்தேழு டிகிரியை நெருங்கிய ஒரு காலை, நான்காம் தொட்டியில் அவை ஹீட்டருக்கு எதிர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. வாய்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடின. அவள் விலங்கியல் படித்தவள். அது மூச்சுக்காக என்று தெரியும். கையை உள்ளே விட்டு, வெப்பத்தை அளக்கும் கம்பியை ஹீட்டரை ஒட்டித் தள்ளிவைத்தாள். கம்பிக்கு மட்டும் சூடு; கம்பி சூடானதும் ஹீட்டர் தானாக அணைந்துவிடும். தொட்டி தப்பித்தது.

அன்று ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தாள். மறுநாள் கம்பியின் அளவைக் காட்டும் திரையில் இருபத்தேழரை. தொட்டிக்குள் இருபத்தாறு. அடுத்தடுத்த நாட்களில் இடைவெளி வளர்ந்தது. இனி கம்பியைப் பழைய இடத்தில் வைத்தால் ஒரே இரவில் அத்தனையும் வெந்துபோகும். அவள் கம்பியைத் தொடவில்லை.

மற்ற தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இரண்டாம் தொட்டியில் மட்டும் பதினொன்று மிஞ்சின. கறுத்து, மெலிந்து, வாலை விருட்டென்று வீசித் திரிந்தன. முப்பது டிகிரியில், உண்மையான முப்பதில், இலைத்துகளைக் கொறித்துக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் நான்காம் தொட்டியில் முந்நூறுக்கு மேல் கொழுகொழுவென்று இருந்தன.

இயக்குநர் அந்தத் தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவியை வரச்சொன்னார்.

"மத்த தொட்டியெல்லாம் நாளைக்குக் காலி பண்ணிடு. நாலாம் தொட்டிப் பரம்பரையோட நோஞ்சான் எதுவும் கலந்துடக் கூடாது."

"ரெண்டாவதுல பதினொண்ணு இருக்கு சார்."

"அதைத்தான் சொல்றேன்."

மையத்தில் அவளால் அதற்குமேல் பேச முடியவில்லை. வீட்டில், சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாலாவது தொட்டியில சூடே இல்ல, அத்தான். கம்பிய நான்தான் ஹீட்டர்கிட்ட தள்ளி வச்சேன். அதுங்க குளிர்ந்த தண்ணியிலதான் வளந்துச்சு. ஓடையில விட்டா செத்துரும். நிஜமாவே தாங்கினது அந்தப் பதினொண்ணுதான்."

அக்காவின் கரண்டி பாதி வழியில் நின்றது. "வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன்டி உன்ன. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணத்தான் வாயத் தொறப்பியா?"

அத்தான் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"ஆயிரக்கணக்குல முட்டை எடுத்தவன் பதினொண்ண வாளியில வச்சுக்கிட்டு நின்னா என்ன ஆகும்? மையத்தை இழுத்துப் பூட்டுவாங்க. அடுத்த வருஷம் முட்டை எடுக்க யார் இருப்பா?"

"அடுத்த வருஷம் முட்டையே இருக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஓடையில இனிமே முட்டையிடற தவளை இல்லைன்னு."

அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "சுண்டெலிக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

"அப்ப அந்தப் பதினொண்ணையும் முந்நூறோட சேத்து விட்டுடலாம் அத்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதுங்களாவது பொழைக்கும்."

இதைச் சொல்லும்போது முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"செய்யலாம். ஒரு சிரமமும் இல்ல" என்றார். "ஆனா செய்ய மாட்டேன். என் தொட்டியில நீ கை வச்சே. இன்னொரு தடவை வைக்கறதுக்கு முன்னாடி உனக்கு ஞாபகம் வரணும். மையத்துச் சாவிய மேசைமேல வை."

அவள் சாவியை வைத்தாள். அக்கா அதை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அவள் தட்டில் பரிமாறினாள்.

மறுநாள் அவரே பக்கத்தில் வந்து நின்றார். வலியில்லாமல் கொல்வதற்குக் கிராம்பு எண்ணெய்தான் விதி. பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைப்பார்களே, அதேதான். இரண்டாம் தொட்டியில் சொட்டுச்சொட்டாக விட்டாள். வழக்கமாகச் சீக்கிரம் அடங்கிவிடும். இவை அடங்கவில்லை. மூலைக்கு மூலை ஓடின. இன்னும் விட்டாள்.

"பரவாயில்லையே, தாங்குதே" என்றார் இயக்குநர்.

கடைசி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை அவரும் போகவில்லை.

அறக்கட்டளைத் தலைவி வெயில் ஏறியபின் வந்தார். ஓடைக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். "வெதுவெதுன்னு எவ்வளவு சுகமா இருக்கு!" என்றார். நான்காம் தொட்டியிலிருந்து கொண்டுவந்த கேனைச் சாய்த்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். முந்நூறும் ஒரு கறுப்புப் புகைபோலப் பரவின, பாறையிடுக்கைத் தேடின. பிறகு ஒன்று புரண்டது. பிறகு பத்து. படம் எடுத்து முடிப்பதற்குள் தலைவியின் கணுக்காலைச் சுற்றி வெள்ளை வயிறுகள்.

"செத்துட்டிருக்கு" என்றாள் அவள்.

சத்தமாகத்தான் சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"நாலாம் தொட்டிக்கு நான் சூடு வைக்கவே இல்ல. தாங்கினதை இன்னிக்குக் காலையில கொன்னுட்டோம்."

தலைவி குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு இயக்குநரைப் பார்த்தார்.

"குழந்தை மாதிரி வளத்த பொண்ணு மேடம், மனசு தாங்கல, ஏதோ பேசுறா" என்றார் அவர். "விடுற அன்னிக்குக் கொஞ்சம் சேதம் இருக்கும்னு அறிக்கையிலயே எழுதியிருக்கேன்."

"பாவம்" என்று தலைவி அவள் கன்னத்தைத் தட்டினார். ஈரக் கை. கைகொடுத்துத் தலைவியைக் கரையேற்றினார்கள்.

அவள் தண்ணீருக்குள்ளேயே நின்றாள். நீந்துகிற ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று. வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

ஏறியபோது பின்சீட்டில் மட்டும் இடம் இருந்தது. முன்னால் தலைவி கேட்டுக்கொண்டிருந்தார். "இது முடிஞ்சது. அடுத்து எதுல கை வைக்கலாம், சார்?"

"இதே ஓடையில ஒரு சின்ன மீன் இருக்கு மேடம். அதுக்கும் நாள் நெருங்கியாச்சு." அவர் திரும்பிப் பார்த்தார். "தொட்டியெல்லாம் கழுவித் தயாரா இருக்கு. எங்க சுண்டெலி பாத்துக்கும்."