மேனேஜருக்கு ஒரு பிடி சோறு

...இன்னும் கொஞ்சம் குழைய வேண்டும், நாய்க்குத்தானே என்று தண்ணீரை அளக்காமல் விட்டுவிட்டேன், அக்கா இருந்திருந்தால் பாத்திரத்தோடு தூக்கித் தொட்டியில் கவிழ்த்திருப்பாள், போன வருஷம் கவிழ்த்தாளே, இதே சமையலறையில், மேனேஜருக்கு நான் ஒரு பிடி சோறு வைத்ததற்கு... நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான், வீட்டில் யார் எழுந்தாலும் பின்னாலேயே போய் மேற்பார்வை பார்க்குமாம். "நாய்க்குத் தானியம் ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது? உனக்குப் பாசம்னா எதையாவது வாயில திணிக்கிறதுதான்." அன்று சாயங்காலமே நாயை இழுத்துக்கொண்டு போனவள், அப்புறம் பேச்சே இல்லை, ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கும் வீம்பு, கடைசியில் அவள் செத்துப்போன செய்திதான் வந்தது, பின்னாலேயே யாரோ கொண்டுவந்து விட்ட மேனேஜரும், தானியம் இல்லாத தீனி என்று பெரிய எழுத்தில் போட்ட அரை மூட்டையும்.

மூட்டை தீர்ந்த பிறகும் அதையேதான் வாங்கிப் போட்டேன், இதிலாவது அவள் சொன்னபடி நடப்போம் என்று. இன்று காலையில் நாய் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதயம் கொஞ்சம் பெருத்திருக்கு. தானியமே இல்லாத தீனியால இருக்கலாம்னு ஒரு சந்தேகம், அடிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரையோட கொஞ்சம் சோறும் சேத்துப் பாருங்கம்மா." பாருங்கம்மாவாம், யாரைக் கேட்டுச் சேர்ப்பது, கேட்க வேண்டியவள் என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள், காலையிலிருந்தே நிற்கிறாள், திரும்பினால் ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது. சோறு போட்டால் அக்கா சொன்னது தப்பு என்றாகிவிடும், போடாவிட்டால் இதுவும் போய்விடும், அவளுடையது என்று மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்... போடு, என்ன ஆனாலும் ஆகட்டும்.

கிண்ணத்தில் வைத்தேன், முகர்ந்துவிட்டு நிமிர்ந்தது, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. பிடிக்கவில்லையா? ஓர் உருண்டை உருட்டி நீட்டினேன், அவ்வளவுதான், ஓடி வந்து உட்கார்ந்து, ஒரு பல்கூட விரலில் படாமல் உள்ளங்கையிலிருந்து அத்தனை பதமாக எடுத்துக்கொண்டது, அடுத்ததற்காக வலது காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்தது. இது ஒரு நாளில் வருகிற பழக்கமா? எத்தனை வேளை ஊட்டியிருப்பாள், தன் தட்டிலிருந்தே ஊட்டியிருப்பாள், கள்ளி... சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அப்படியென்றால் அன்றைக்குக் கோபம் சோற்றின் மேல் இல்லை. வேறு எதன் மேல்? நான் என்ன சொன்னேன்? அன்று அவள் வந்து மணி அடித்தாள், கதவைத் திறந்தேன், வாக்கா என்றேன், நாயைக் கொஞ்சினேன், எப்ப கிளம்புற, சாயங்காலமா நாளைக்கா என்று கேட்டேன், வருகிற எல்லோரையும் கேட்பதுதானே, எவ்வளவு சமைப்பது என்று தெரிய வேண்டாமா... அவள் பதில் சொன்னாளா? சக்கரம் வைத்த பெட்டி, படியில் ஏற்ற முடியாமல் இரண்டு பேருமாகத் தூக்கினோம், எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று நான் கேட்கவே இல்லை.