மஞ்சள் நரம்பு முடியும் இடம்

ஐலி தூண்டில் நரம்பை இரண்டு உதடுகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுத்தாள். சாப்பாட்டு மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது, ஏலக்காய் ரொட்டியை நான் ஒருவனே காலி செய்துகொண்டிருந்தேன்.

"இது எது?"

"ஆறு ராத்தல் தாங்கும். கண்ணாடி நரம்பு. தண்ணிக்குள்ள போனா இருக்கற இடமே தெரியாது."

"எனக்குத் தண்ணிக்கு வெளியவே தெரியலையேய்யா," என்றாள்.

என் பெண்டாட்டிக்குக் கண்ணின் நடுவில் கறை விழுந்துவிட்டது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்துவிடும், சுற்றி இருப்பது தெரியும். கோப்பையில் காபி ஊற்ற வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்து ஊற்றுவாள். என் முகம் வேண்டுமென்றால் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். கறை வளர்ந்துகொண்டேதான் போகும் என்று தண்டர் பே நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாள்: "சின்னவாயனைத் தண்ணிக்குள்ள வச்சுப் பாக்கணும். இத்தனை வருஷம் பிடிச்சேனே தவிர, ஒரு தடவைகூட நின்னு பாக்கல."

சின்னவாய் பாஸ் என்கிற மீனைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கையில் எடுத்ததும் அதன் நிறம் செத்துவிடும், மேலிருக்கிற பட்டைகள் அழிந்து ஏதோ பழுப்புக் கட்டையாகிவிடும். தண்ணீருக்குள் அது வேறு ஜென்மம். அதனால் படகில் தூக்கிப் போட்டுக் காட்டினால் கணக்கில் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

போன வாரம் அவள் இஷ்டப்படி வெறும் மஞ்சள் பின்னல் நரம்பில் தூண்டிலைக் கட்டினோம். மஞ்சள் அவள் ஓரக்கண்ணுக்குத் தெரியும். ஆனால் எங்கள் கரடிப்பாறை ஏரித் தண்ணீர் அடிவரைக்கும் தெளிவு, அதில் எனக்குத் தெரிவது மீனுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றும் ஆழத்திலிருந்து எழும்பி வந்து, இரைக்கு ஒரு சாண் தள்ளி நின்று, நரம்பைப் பார்த்துவிட்டு, போடா என்று திரும்பிப் போயிற்று. அவள் கண்ணுக்கு எட்டுகிற மேல்தண்ணீர்வரை ஒன்றுகூட வரவில்லை.

அதனால்தான் இன்றைக்குச் சமாதானம். மேலே அவளுக்கு மஞ்சள், கீழே மீனுக்கு இரண்டு கை நீளம் கண்ணாடி நரம்பு.

"பத்து ராத்தல் கட்டு. அந்தப் பாறைங்க அரம்யா," என்றாள்.

"தடிச்சா மீனு பாத்துரும்டி. நான் சொல்றத ஒரு நாளாவது கேளேன்."

கேட்டாள். அதுதான் வினை.

செப்டம்பர் காலை, ஏரியில் ஒரு சுருக்கம் இல்லை. இன்ஜினை அணைத்ததும் படகின் நிழல் ஐந்து ஆள் ஆழத்தில், பாறைகளின் மேல் கிடந்தது. நாங்கள் தண்ணீரில் மிதக்கவில்லை, ஆகாயத்தில் தொங்குகிறோம் என்று வயிறு சொல்லிற்று. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்னமும் அந்த நேரத்தில் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஐலி முன்பலகையில் என்னைப் பார்க்க உட்கார்ந்து, ரப்பர் இறாலை வீசினாள். மஞ்சள் கோடு இறங்கி, முடிச்சோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே எதுவுமே இல்லை. இறால் தனியாக, தன் பாட்டுக்குப் பாறை மேல் நடந்துபோயிற்று.

மீன் உடனே கவ்விற்று. கம்பு வளைந்தது. "பாத்தியா, ஆறு ராத்தல்!" என்று நான் துள்ளினேன். சின்னவாயன் நேராகப் பெரிய பாறையின் இடுக்குக்குள் பாய்ந்தது. கம்பு சட்டென்று நிமிர்ந்துவிட்டது.

ஐலி நரம்பைச் சுற்றி எடுத்து, அறுந்த நுனியை உதட்டில் வைத்து இழுத்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வழவழவென்றுதான் இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு? நுனிய மட்டும் வெட்டிட்டு இதையே கட்டலாம்."

"கண்ணால பாக்காத. உதட்டுல வச்சுப் பாரு."

வைத்தேன். ஒரு முழத்துக்கும் மேலே பூனை நாக்குபோல் சொரசொரத்தது.

"பத்து ராத்தலை எடு."

"பாத்துருமே, ஐலி."

"பாக்கட்டும்யா. அது என்னைப் பாக்கறதுல எனக்கு என்ன வருத்தம்? நான் அதைப் பாக்கணும். அவ்வளவுதான்."

பத்து ராத்தல் சுருளை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவளேதான் போட்டாள், விரலாலேயே. எச்சில் தொட்டு இறுக்கினாள். காய்ந்தபடி இறுக்கினால் உரசுகிற சூட்டில் நரம்பு வெந்துவிடும் என்பாள். மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. என் பயம் சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சரியாக இருந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டு மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. அவளிடம் சொல்லவில்லை. எங்கோ ஒரு லூன், இந்த ஏரிகளின் நீர்ப்பறவை, ஆள் சிரிப்பதுபோல் கூவிற்று.

"பாரு, உன்னைப் பாத்துச் சிரிக்குது," என்றாள் ஐலி.

அப்போது கம்பு இறங்கிற்று. இதுவும் பாறைக்குத்தான் ஓடியது. நரம்பு கல்லில் உரசுகிற நடுக்கம் கம்பு வழியாகப் படகுக்கே வந்தது. அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பை நிமிர்த்த நிமிர்த்த, மீன் இடுக்கை விட்டு வெளியே வந்தது. வலப்பக்கமாக, மெல்ல மெல்ல, வெளிச்சத்துக்குள் ஏறி வந்தது.

ஐயோ, என்ன மீன்! வெண்கல உடம்பு முழுக்கப் பச்சைப் பட்டைகள், சிவப்புக் கண். துடுப்பை விரித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

"எங்க? எங்கய்யா?" ஐலி குனிந்து தண்ணீரையே வெறித்தாள். ஆசையில் மறந்துவிட்டாள். நேராகப் பார்க்கிறாள், மீன் கறைக்குள் போய்விட்டது. "மஞ்சள் தெரியுது, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே! எங்க அது?" அவள் குரல் உடைந்தது.

"என்னைப் பாரு!" என்று கத்தினேன். "மீனைப் பாக்காதடி, என்னைப் பாரு!"

திரும்பினாள். முகத்தை நேராக என் முகத்துக்குக் கொண்டுவந்தாள். வலப்பக்கத்து மீன் இப்போது அவள் ஓரக்கண்ணில் இருந்தது.

"யோவ்," என்றாள், ரகசியம் சொல்வதுபோல. "ஒண்ணு இல்லய்யா. கூட வருதுங்க."

நான் குனிந்தேன். மாட்டிக்கொண்ட மீனுக்குப் பின்னால் இன்னும் மூன்று, அதே அளவில், அதே பட்டைகளோடு, அது திரும்புகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டு மேலே வந்திருந்தன. நான் கவனிக்கவே இல்லை. எங்கள் நிழலின் விளிம்பில் அவை வட்டமிட்டன.

கைவலையை எடுக்க நீண்ட என் கை பாதியில் நின்றது. இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று இருந்தது. நிமிர்ந்தேன். கம்பு அவள் கையில் வளைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. ஐலி வாயைத் திறந்தபடி, கண்ணில் நீர் ததும்ப, முகமெல்லாம் வெளிச்சமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அசையாமல், அவளுக்கு எதிரே, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.