ஹேண்ட்பிரேக் போட்ட காரைத் தள்ளுவது

1.

இந்தக் கதை தானாக என் தலையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால், பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் லோகன் இயற்பியல் டியூஷன் நடத்துகிறான். அவனுடைய டியூஷன் மையத்தின் ஆண்டு மலரில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. மாடிப்படியில் என்னை மடக்கிப் பிடித்துவிட்டான்.

"வேலைன்னா என்ன, ஆற்றல் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படிப் போகுதுன்னு பிள்ளைங்களுக்குப் புரியணும்க்கா. கதையா எழுதிக் குடுங்க. லவ் மட்டும் வேணாம் லா, அப்பா அம்மா படிப்பாங்க."

சரி என்று தலையாட்டினேன். பள்ளியில் இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்வதாக இல்லை.

லோகன் என்னை உட்காரவைத்து, ஒரு நாற்காலியைத் தள்ளித் தள்ளி விளக்கினான். விசை வேண்டும். அந்த விசையின் திசையில் பொருள் நகரவும் வேண்டும். நகர்ந்தால்தான் அதற்குப் பெயர் வேலை. தள்ளியவரின் ஆற்றல் பொருளுக்குப் போய்ச் சேர்வது அப்படித்தான். பிறகு சுவரைத் தள்ளினான். சுவர் அசையவில்லை. எனவே, அவன் சுவரின் மேல் செய்த வேலை சுழியமாம்.

மூச்சு வாங்குகிறதே, வேர்க்கிறதே, அதெல்லாம் கணக்கில் வராதா என்று கேட்டேன். வேர்க்கும், ஆனால் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் உடம்பிலேயே சூடாகிப் போய்விடும், சுவருக்கு ஒரு துளியும் போகாது என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. இப்படி வேர்க்க விறுவிறுக்கத் தள்ளி, கடைசியில் சுழியம் வாங்குகிற ஓர் ஆளைப் பற்றி யோசித்தேன். கால்வின் என்று ஒருவன் மனதில் வந்து நின்றான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

காப்பாரில் பொழுது புலர்ந்தது. செம்பனைத் தோட்டத்தின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—

வேண்டாம். நானே படிக்க மாட்டேன்.

இரண்டாம் முயற்சி:

கால்வின், பெர்னிஸின் பெட்டியைத் தூக்கிக் காரின் பின்பக்கத்தில் வைத்தான்.

இது பரவாயில்லை. மேல்நோக்கிய விசை, மேல்நோக்கிய நகர்வு. வேலை நடந்திருக்கிறது. கால்வினின் ஆற்றலில் கொஞ்சம் பெட்டிக்கு நிலை ஆற்றலாகக் கைமாறியிருக்கிறது.

[லோகன் ஓரத்தில் எழுதியது: பெட்டியின் எடையும் உயரமும் எங்கே? என் பதில்: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். அம்மா அரைத்துக் கட்டிக்கொடுத்த மிளகாய்ச் சம்பால் போத்தல், கொசுவலை, கால்வினிடமிருந்து இரவல் வாங்கிய ஒரு ஜாக்கெட். அதை அவள் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.]

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கால்வின் கிள்ளானில் ஏர்கோண்ட், அதாவது குளிர்சாதனம், பழுதுபார்ப்பவன். பெர்னிஸ் புதிதாகப் படித்து முடித்த இயற்பியல் ஆசிரியை. முதல் வேலை கடல் தாண்டி சாபாவில், தாவாவில் கிடைத்திருக்கிறது. இன்று விமானம். தேவாலயப் பாடகர் குழுவில் தொடங்கிய பழக்கம் இருவருக்கும். இது கல்யாணத்தில்தான் முடியும் என்று பங்கு சாமியாரிலிருந்து பக்கத்து வீட்டு ஆன்டி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பெர்னிஸிடம் அதைக் கேட்கவேண்டியது ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் இன்னும் கேட்கவில்லை.

லோகனிடம், இருவரும் நல்ல நண்பர்கள் என்று சொல்லிவைத்தேன்.

கேட்பதென்றால் இன்றைக்கே கேட்க வேண்டும். அவள் விமானம் ஏறிவிட்டால் கால்வின் போனில் கேட்பான் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு பெரிய செய்திக்கும் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பி முடித்துக்கொள்கிற ஆள் அவன்.

3.

கார், கால்வினின் மாமா ஓட்டித் தேய்த்த பழைய மேனுவல் கார். காப்பார் சாலையில் கிள்ளானை நோக்கிப் போகும்போது, ஒரு சிவப்பு விளக்கில் என்ஜின் நின்றுவிட்டது. சாவியைத் திருகினான். பேட்டரி முனகிவிட்டு அடங்கியது. ஒருவழியாகக் காரை ஓரம் கட்டி, கால்வின் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். பெர்னிஸ் நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினான்.

திட்டம் இதுதான்: அவன் தள்ளுவான், கார் வேகம் பிடிக்கும். அவன் காலையில் தின்ற ரொட்டி சானாயின் ஆற்றல் கைவழியாகப் போய்க் காரின் இயக்க ஆற்றலாகும். பெர்னிஸ் இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டதும், ஓடும் சக்கரம் என்ஜினைச் சுழற்றும். என்ஜின் உயிர்பெறும். ரொட்டி சானாயில் தொடங்கி என்ஜின்வரை ஒரே ஆற்றல் கைமாறிக் கைமாறிப் போகிறது. நான் இவ்வளவு அழகாக எழுதுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அச்சுக்குப் போகும் நேரத்தில் லோகன் மாடியேறி வந்தான்.

"அக்கா, ஹேண்ட்பிரேக்க இழுத்தானே, எறக்குனது யாரு?"

திரும்பப் படித்துப் பார்த்தேன். யாரும் இறக்கவில்லை.

4.

என் தவறுதான். ஒரு வரியில் திருத்திவிடலாம். பெர்னிஸ் ஹேண்ட்பிரேக்கை இறக்கி— என்று எழுதப்போனேன். கை ஓடவில்லை.

ஏனென்றால் பெர்னிஸ் இயற்பியல் ஆசிரியை. ஹேண்ட்பிரேக் அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிற்கிறது. அது பின்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஓர் ஆள் தள்ளி இந்தக் கார் நகராது என்று அவளுக்குத் தெரியாதா? விசை இருக்கிறது, நகர்வு இல்லை, வேலை சுழியம். நாளை மறுநாள் தாவாவில் அவள் நடத்தப்போகிற பாடமே இதுதான்.

அப்படியானால் தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவளை எனக்கு அப்போதுதான் பிடித்துப்போனது. அதுவரை கொஞ்சம் கறாரான பெண் என்று நினைத்திருந்தேன்.

[கிராப் டாக்சி கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவள் கைப்பேசி மடியில்தான் இருக்கிறது. சார்ஜும் இருக்கிறது.]

ஜன்னல் வழியாக அவள் தலையை நீட்டினாள்.

"தள்ளுறியா இல்லியா?"

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நகரவே இல்லியே."

"காடி கனமா இருக்கு. பெட்டியில என்னதான் வெச்சிருக்கே?"

"சம்பாலு."

கால்வின் மறுபடியும் குனிந்து தள்ளினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏர்கோண்ட் இயந்திரங்களைத் தோளில் சுமந்து கூரைக்கு ஏற்றுகிறவன். இந்தக் காரை முன்பும் தள்ளியிருக்கிறான். எப்போது நகரும், எப்போது நகராது என்பது அவனுடைய கைக்குத் தெரியும். தவிர, ஹேண்ட்பிரேக்கை இழுத்ததே அவன்தானே?

இதை எழுதியதும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறான், அவள் பாட்டுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. இப்படி வெயிலில் வேர்த்துக்கொண்டு சும்மா இருக்கிற இரண்டு பேரை நான் பார்த்ததில்லை.

5.

முடிவு, முதல் வகை: பெர்னிஸ் ஹேண்ட்பிரேக்கை இறக்குகிறாள். கார் நகர்கிறது. வேலை நடக்கிறது. என்ஜின் பிடித்துக்கொள்கிறது. விமான நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்கிறார்கள். கால்வின் பெட்டியை இறக்கி வைத்து, "போனதும் மெசேஜ் பண்ணு" என்கிறான். அவள் போய்விடுகிறாள்.

லோகனுக்கு இது மிகவும் பிடித்தது. ஒரு பிழையும் இல்லை என்றான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் வகை: கால்வின் தள்ளுவதை நிறுத்திவிட்டு முன்னால் வருகிறான். கதவைத் திறக்கிறான். "பெர்னிஸ், ஒண்ணு கேக்கணும்," என்று—

இதில் லோகன் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டான். லவ் என்று பக்கத்தில் எழுதினான். நான் சண்டை போட்டிருப்பேன். ஆனால் எனக்கே அந்த வரியில் நம்பிக்கை இல்லை. கால்வின் அப்படி நேராக நடந்து வருகிற ஆள் இல்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்காகத்தானே தள்ளுகிறான்.

6.

எனவே, வேறு வழியில்லாமல் உங்களைக் கூப்பிடுகிறேன்.

நீங்கள் காப்பாரிலிருந்து மோட்டாரில் வருகிறீர்கள். சாலையோரத்தில் ஒருவன் தனியாகக் காரைத் தள்ளுவதைப் பார்த்து நிறுத்துகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கார்ப் பக்கமாக நடக்கிறீர்கள். போகிறபோக்கில் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறீர்கள். ஹேண்ட்பிரேக் நிற்கிறது.

நீங்கள் பார்த்ததைப் பெர்னிஸும் பார்த்துவிட்டாள். கண் கலங்கியிருக்கிறாள். இருந்தும் பார்வையைத் திருப்பவில்லை.

"காடி கொஞ்சம் கனம், பாஸ்," என்கிறாள்.

பின்னால் போகிறீர்கள். கால்வின் நகர்ந்து இடம் விடுகிறான். இருவரும் கையை வைக்கிறீர்கள். அவன் உங்கள் பக்கம் சாய்ந்து, அவள் காதில் விழாதபடி சொல்கிறான்: "மெதுவாத் தள்ளுங்க, பாஸ். அவசரம் இல்ல."

[லோகன், இறுதியில் ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும் என்கிறான். இதோ: மூன்றாம் நபர் தன் முழு பலத்தோடு தள்ளுகிறார். கார் நகரவில்லை. அவர் காரின் மேல் செய்த வேலை எவ்வளவு? விடை எனக்கே தெரியும். விடைத்தாளில் உங்களுக்கு சுழியம்தான் கிடைக்கும்.]

வெயில் ஏறுகிறது. விமானத்துக்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. ஒரே வார்த்தை, நீங்கள் "ஹேண்ட்பிரேக்" என்று சொன்னால் போதும். கார் கிளம்பிவிடும், கதையும் முடிந்துவிடும். லோகன் உங்களுக்கு நன்றி சொல்வான்.

பக்கத்தில் கால்வின் தொண்டையைச் செருமுகிறான். தலையை நிமிர்த்தி, கார்க் கண்ணாடியில் தெரிகிற அவள் முகத்தைப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான், மூடுகிறான்.

சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், நன்றாகத் தள்ளுங்கள்.