ஆர்ட மகள்?

கல்முனைப் பக்கம் வெறும் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. "ஆர்ட புள்ள?" எண்டு கேட்டு, வாப்பா ஆரு, எந்தக் குடி எண்டெல்லாம் தெரிஞ்சாப் பிறகுதான் மேல கதைப்பாங்க. இந்தக் கேள்வியாலேயே இன்ஷிராக்கு ரெண்டு வேலை கை நழுவிப் போயிருந்தது.

அவள்ட வாப்பா மீராமுகைதீன் கலியாணச் சமையல்காரர். அவர்ட புரியாணியைத் தின்னாத ஆள் மருதமுனையில இல்லை. நேர்முகப் பரீட்சையில "உங்களைப் பத்திச் சொல்லுங்க" எண்டதும், இவள் பழக்கதோஷத்தில "நான் மீராமுகைதீன்ட மகள்" எண்டு தொடங்குவாள். முடிஞ்சுது. முதல் மனேஜர் தன்ட மகள்ட கலியாணத்துக்கு வாப்பாவை புக் பண்ணினார். மற்றவர் இறைச்சி எப்படி அவ்வளவு பதமா வேகுது எண்டு விசாரிச்சார். வேலை வேற ஆளுக்குப் போச்சு. அவள் முந்தி பாமசியில மருந்து விக்கிற வேலைக்கு நிண்டு சனத்தோட மாரடிச்சதைக் கேக்க ஒரு நாதியில்லை. அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்தது ஒரு டைல்ஸ் ஷோரூம். வெளிக்கிடும்போது வாப்பா சொன்னார்: "முதல்ல எண்ட பேரச் செல்லு மகள். பிறகு எல்லாம் லேசு." இவள் தலையை ஆட்டிட்டு வந்துட்டாள்.

ஷோரூம் மனேஜர் கனகரெத்தினமும் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" எண்டுதான் தொடங்கினார். வாப்பாட பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. விழுங்கிட்டாள்.

"எண்ட பேர் இன்ஷிரா, சேர். பாமசியில நிண்டிருக்கன். சண்டைக்கு வாறவங்களையும் சிரிக்க வெச்சு அனுப்புவன். சிங்களம் கதைப்பன். டைல்ஸைப் பத்தி ஒண்டும் தெரியாது, கெதியாப் பழகிருவன்."

"ஆர்ட மகள், தங்கச்சி?"

வந்துட்டுதே!

"அதையும் செல்றன் சேர். முதல்ல நான் இந்த வேலைக்குச் சரியா எண்டு செல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். யா அல்லாஹ், வாய் கூடிப்போச்சு எண்டு இவள் உள்ளுக்குள்ள தவிச்சாள். பிறகு அவர் சிரிச்சார்.

"சண்டைக்கு வாறவங்களை இனி நீங்கதான் பார்க்கணும். திங்கக்கிழமை வாங்க."

சந்தோஷத்தில ஆர்ட மகள் எண்டு சொல்லாமலே ஓடி வந்துட்டாள்.

வீட்டில வாப்பா ஒரு மூடை வெங்காயத்தோட குந்தியிருந்தார்.

"கிடைச்சிட்டா?"

"ஓம் வாப்பா."

"நான் சென்னன்தானே. எண்ட பேரக் கேட்டா தராம இருப்பாங்களா?"

பொய் சொல்ல மனம் வரல்ல. "உங்கட பேரச் செல்லல்ல வாப்பா."

கத்தி நிண்டுட்டுது. "பின்ன என்னத்தச் சென்னாய்?"

"எண்ட பேரச் சென்னன்."

வாப்பா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிச்சார்.

"அதுவும் நல்ல பேர்தான்," எண்டார். "நான்தானே வெச்சது."