ஆர்வோவின் குடிசைக் கதவு

டோரீன் ட்ரெவாரோ அந்த வண்டியை முதன்முதலாகப் பார்த்தபோது அதற்குள் பதினொரு கோழிகள் குடியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒன்று அவளை முறைத்தது. 1946ஆம் வருஷத்து ஃபோர்டு ஸ்டேஷன் வேகன். மூக்கு மட்டும்தான் இரும்பு, கதவும் சட்டமும் பக்கப்பலகையும் எல்லாம் மரம். டோரீன் கையுறையைக் கழற்றி, காய்ந்த எச்சத்தை நகத்தால் சுரண்டினாள். அடியில் மேப்பிள் மரம் தேன் நிறத்தில் எட்டிப் பார்த்தது. அந்த நொடியிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். மறுவாரம் இழுவை வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தங்கை லோயிஸ் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"கோழிக்கூடு வாங்கறதுக்கு அறுபது மைல் போகணுமாடி? நம்ம தெருவுலயே ரெண்டு இருக்கே."

"இருபத்திரண்டு வருஷமா மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸே ஓட்டறேன், லோயிஸ். வேற நிறத்துல ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்னு ஆசை."

"ஓட்டணும்னா அது ஓடணுமே."

ஓடவைப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. பஸ் பணிமனை மெக்கானிக் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறு இஞ்சின் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. மரவேலையும் டோரீனுக்குப் பயமில்லை. வீட்டுச் சமையலறை அலமாரி முழுவதும் அவள் கையால் செய்தது. இடது பக்கக் கதவு உளுத்துப் போயிருந்தால், வலது பக்கத்தைப் பார்த்து அட்டையில் வடிவம் வெட்டி, திருப்பிப் போட்டு அறுத்துக்கொள்ளலாம். ஆனால் பின்கதவு? மேலே கண்ணாடிப் பாதி தூக்கிக்கொள்ளும், கீழே மரப் பாதி இறங்கிப் பலகையாக நிற்கும். அந்தக் கீழ்ப்பாதி வண்டியில் இல்லை. அதற்கு ஜோடியும் கிடையாது, பார்த்துச் செய்ய இன்னொன்றும் கிடையாது. அந்த இடத்தில் கோழிக்காரர் கம்பிவலை அடித்திருந்தார்.

அந்த 1978 இலையுதிர் காலம் முழுக்க டோரீன் கடிதம் எழுதினாள். மரவண்டி வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று மாதாமாதம் நாலு பக்கம் அச்சடித்து அனுப்பும். அதில் விளம்பரம் கொடுத்தாள். கலிபோர்னியாவிலிருந்து ஒருவர் அன்பாகப் புகைப்படம் அனுப்பினார். பின்கதவு இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. வெர்மான்ட்காரர் ஒருவர் அங்குலக் கணக்கில் பக்கம் பக்கமாக அளவு எழுதியிருந்தார். கடைசி வரியில், இது 1939ஆம் வருஷத்து வண்டி, பரவாயில்லைதானே என்று கேட்டிருந்தார். பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: இரும்பு இருக்கும், மரம் மக்கிப்போயிருக்கும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. அயர்ன் மவுன்டனிலிருந்து ஈடித் கொர்சினி என்றொரு அம்மாள். வயது எழுபத்துமூன்று. அந்த வண்டிகளுக்கு உடல் கட்டிய தொழிற்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். விளம்பரத்தை அவள் பேரன் காட்டியிருக்கிறான்.

"ஏம்மா, நீ காருக்குள்ள தேடற. அங்க கிடைக்காது."

"வேற எங்கங்க தேடறது?"

"மேப்பிள் பலகைம்மா அது. அடுப்புல போட எவனுக்கு மனசு வரும்? வண்டி செத்தா இரும்பை எடைக்குப் போடுவான், பலகையைத் தூக்கிட்டுப் போயிடுவான். சௌனா நீராவி அறையில பெஞ்சு, மாட்டுக்கொட்டகையில தடுப்பு, ஏரியில மீன்பிடிக் குடிசை, அங்கெல்லாம் போய்ப் பாரு. வெளிப்பக்கம் ஸ்டெப்னி மாட்டின போல்ட் துளை இருக்கும். உள்பக்கம் அடிச்சட்டத்துல பென்சில்ல ஒரு நம்பர் இருக்கும். அது இருந்தா எங்க வீட்டுப் பிள்ளைதான்."

ஜனவரியில் ஹால்வர்சன் ஏரி இரண்டடி தடிமனுக்கு உறைந்திருந்தது. அதன்மேல் நாற்பது நாற்பத்தைந்து குடிசைகள். ஒவ்வொன்றின் தரையிலும் பனிக்கட்டியில் ஒரு துளை, துளைக்குள் தூண்டில், பக்கத்தில் ஒரு மனிதன். டோரீன் ஃபிளாஸ்க் நிறையக் காபியோடு குடிசை குடிசையாகக் கிளம்பினாள்.

"பஸ்காரம்மா, இங்க ஸ்டாப் கிடையாது" என்றார் ஒருவர்.

"என் கதவு பைன் மரம். மனைவியைக் கேட்டா அவளே எடுத்துக்கச் சொல்லுவா, குடிசையோட சேர்த்து" என்றார் இன்னொருவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு மூன்றாமவர் ஏரியின் கோடியைக் காட்டினார். "ஆர்வோ நிஸ்கலா குடிசைக்குப் போங்க. ஊர்லயே ஊர்ந்து நுழையற குடிசை அது ஒண்ணுதான்."

டோரீன் அங்கே போய்ப் பார்த்தாள். நாலடி உயரம்கூட இல்லாத கதவு. அகலமாக இருக்க வேண்டியதை நிமிர்த்தி வைத்து அடித்திருந்தார்கள். பச்சைப் பெயின்ட். நடுவில் வட்டமாகச் சில துளைகள், ஒவ்வொன்றிலும் பாட்டில் கார்க். அவள் மண்டியிட்டு, சாவியால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினாள்.

"யாரு கதவைச் சுரண்டறது?" உள்ளிருந்து குரல் வந்தது. "எலின்னா உள்ள வா. மனுஷன்னா தட்டு."

தட்டிவிட்டு ஊர்ந்து போனாள். ஆர்வோ நிஸ்கலா அறுபது வயது கடந்த நெட்டை மனிதர். முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் தூண்டில் தக்கையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்.

"மச்சான் பண்ணையில ஒரு வண்டியை உடைச்சாங்க. அவன் இஞ்சினை எடுத்தான், நான் இதை எடுத்தேன். தர மாட்டேன். அளவெடுக்கக் கழட்டவும் விட மாட்டேன்."

"என்ன விலை கேட்டாலும்..."

"விலை என்ன விலை? இது அதிர்ஷ்டம். மாட்டின அன்னிக்கே ஒரு மீன் பிடிச்சேன், இவ்வளவு நீளம்." கையை விரித்துக் காட்டக் குடிசையில் இடம் போதவில்லை. கதவைத் திறந்து ஒரு கையை வெளியே நீட்டிக் காட்டினார். "பத்தொம்பது வருஷமாச்சு."

டோரீன் காபி ஊற்றிக் கொடுத்தாள். "நீங்க எத்தனை அடி உயரம்?"

"ஆறடி மூணு அங்குலம்."

"பத்தொம்பது வருஷமா நாலடிக் கதவுலயா நுழையறீங்க?"

"குனிஞ்சா போச்சு."

"நிமிர்ந்து நடந்தே உள்ள வரலாம் ஆர்வோ. நான் செஞ்சு தரேன். தேவதாரு மரம், காத்து நுழையாது, கீல்கூடப் பித்தளையில போடறேன்."

ஆர்வோ முழங்காலை மெல்லத் தேய்த்துக்கொண்டார். "செஞ்சு கொண்டா. ஆனா ஒரு கண்டிஷன். புதுக்கதவு மாட்டின அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு மீன் விழணும். விழலைன்னா பழசைத் திருப்பி மாட்டிட்டு நீ உன் வழியைப் பாத்துக்கோ."

இரண்டு வாரத்தில் கதவு தயாரானது. லோயிஸ் பலகையைப் பிடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் கூடவே இருந்தாள். "காருக்குக் கதவு செய்யத் தெரிஞ்சவ, எவனோ ஒரு கிழவன் குடிசைக்குக் கதவு செய்யறா. இதை யார்கிட்டச் சொல்லி அழறது" என்றாள். ஆனால் மணல்தாள் தேய்த்து வழவழப்பாக்கியது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். செய்தி முன்கூட்டியே பரவியிருந்தது. ஆட்கள் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். பழையது கழன்றது, வாசல் மேலே அறுபட்டு உயர்ந்தது, புதியது ஏறியது. ஆர்வோ வெளியே நின்று கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நுழைந்தார், பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டே. எல்லாரும் சிரித்தார்கள். வெளியே வந்து மறுபடி, இந்த முறை நிமிர்ந்து, ராஜா மாதிரி நடந்து உள்ளே போனார்.

அப்புறம் காத்திருப்பு. டோரீன் அவருக்கு எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்து மணி, பன்னிரண்டு மணி. லோயிஸ் சூடாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பேஸ்டி கொண்டுவந்தாள். இரண்டு மணி. பக்கத்துக் குடிசைக்காரர் எட்டிப் பார்த்து, தன்னிடம் நாலு மீன் இருப்பதாகவும் ஒன்று தவறி இங்கே விழக்கூடும் என்றும் கண்ணடித்தார்.

"உன் மீன் உன்னோட துளையில விழட்டும்" என்றார் ஆர்வோ.

நாலரை மணிக்கு வெளியே வெளிச்சம் சிவக்கத் தொடங்கியது. பழைய கதவு சறுக்குவண்டியில் கட்டியபடி கிடந்தது. கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான் என்று டோரீன் மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்போது தக்கை லேசாக நெளிந்தது. ஆர்வோ சுண்டினார். நூல் நுனியில் ஒரு மீன். அவர் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று புரியாததுபோல் வாயைத் திறந்து மூடியது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.  இதெல்லாம் மீனா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று டோரீன் வாளி நுனிக்கு நகர்ந்தாள்.

ஆர்வோ அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். "செதில் இருக்கு, வால் இருக்கு" என்றார். "மீன்தான்." மெதுவாகத் துளைக்குள் விட்டார். "எடுத்துட்டுப் போ, பஸ்காரம்மா."

டோரீன் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஃபின்லாந்துக்காரர் வம்சம், அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் தொப்பியை இரண்டு தட்டு தட்டினார்.

பச்சைப் பெயின்டை உரிக்க ஒரு மாதம் ஆனது. அடிச்சட்டத்தில் பென்சில் எண் இருந்தது. தொலைபேசியில் படித்துக் காட்டியதும் ஈடித் சிரித்தாள். "இது நாப்பத்தியேழாம் வருஷத்துதும்மா. கவலைப்படாதே, ரெண்டுக்கும் ஒரே அச்சு. இடது கீல்கிட்ட இழைப்புளி ஒரு ஓட்டு ஓட்டு, உக்காந்துக்கும்." உட்கார்ந்துகொண்டது. மூடியபோது கேட்ட சத்தத்துக்காக டோரீன் அதை ஏழெட்டு முறை திறந்து மூடினாள்.

ஜூன் மாதம் ஏழு பூச்சு வார்னிஷ் பளபளக்க, வண்டி அயர்ன் மவுன்டனுக்குப் புறப்பட்டது. பின்னிருக்கையில் லோயிஸும் ஆர்வோவும். ஆர்வோவின் முழங்கால் அங்கேயும் காதருகேதான் இருந்தது. ஈடித் வீட்டு வாசலில் நின்றாள், குட்டையான உருவம், நல்ல உடை, கையில் பை. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு இணைப்பிலும் கட்டைவிரலை ஓட்டினாள்.

"இந்தச் சட்டம் நீ புதுசா செஞ்சதுதானே?"

"ஆமாங்க. தப்பா இருக்கா?"

"எங்க ஃபோர்மேன் உன்னை வேலைக்கு எடுத்திருப்பான்." பிறகு கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றாள். "பதினாறு வருஷம்மா. எத்தனை ஆயிரம் வண்டிக்குச் சட்டம் தேய்ச்சிருப்பேன். ஒண்ணுலகூட ஏறி உக்காந்ததில்ல."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். ஆர்வோதான் முதலில் இறங்கினார். முன்கதவைத் திறந்து, அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

ஊரைச் சுற்றி ஒரு வட்டம் என்றுதான் பேச்சு. ஈடித் ஜன்னலை இறக்கி, வெளிப்பக்கப் பலகையில் கையை வைத்துக்கொண்டாள். தபாலாபீஸ் அருகே இரண்டு பேர் கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள். அவள் தெரு வந்தது. டோரீன் வேகத்தைக் குறைத்தாள்.

"வீடு வந்திருச்சுங்க."

"தெரியுதும்மா" என்றாள் ஈடித், நேராகச் சாலையைப் பார்த்தபடி. "நீ போ."

டோரீன் கியரை மாற்றினாள். வண்டி அந்தத் தெருவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாக ஓடியது.