நாவல் சக்கையின் இரும்பு

ராஜலட்சுமி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, சூளகிரி பழச்சாறு ஆலையின் வாசலிலிருந்த மெட்டல் டிடெக்டர் அவள் வயிற்றுப் பிள்ளையை இரும்பென்று அறிவித்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு அவள் உடம்பில் ரத்தம் ஆறரை கிராம்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளுடைய அக்கா தலைப்பிரசவத்தில் ரத்தம் போதாமல் செத்துப்போயிருந்தாள். ஆஸ்பத்திரி மாத்திரை இவள் வயிற்றில் தங்கவில்லை. ஊசிக்கு உடம்பு தடித்தது. அந்தச் சமயத்தில் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலைபார்த்த ஜெயப்ரியா, நாவல்பழம் பிழிந்து தள்ளும் சக்கையைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு டிராக்டர் சக்கை குப்பைக்குப் போனது. தோலில் பொட்டாசியம், கொட்டையில் கால்சியமும் மெக்னீசியமும், இரண்டிலும் இரும்பு என்று முடிவு வந்தது.

"சாறு பாட்டிலுக்குப் போவுது, சத்து குப்பைக்குப் போவுதுக்கா" என்றாள் ஜெயப்ரியா. அவள் காயவைத்து அரைத்துக்கொடுத்த மாவை ராஜலட்சுமி ராகிக் களியில் கிளறித் தின்றாள். களி ஊதா நிறமானது. ஆறு வாரத்தில் ரத்தம் பதினொன்றைத் தொட்டது.

ஒரு வியாழக்கிழமை, பிழியும் எந்திரத்திலிருந்து விரல்நுனி அளவு எஃகு வால்வு ஒன்று காணாமல் போனது. அன்று ஷிப்டு முடிந்து வெளியே வந்தவளைப் பார்த்து டிடெக்டர் கத்தியது.

"இன்னாம்மா எடுத்துக்கினு போற? மருவாதியா குடுத்துரு" என்றார் காவலாளி சென்றாயன்.

"ஒண்ணும் எடுக்கலண்ணே. எம்புள்ள மேல சத்தியம்."

பெண் காவலாளி மங்கம்மா அவளை அறைக்குள் அழைத்துப்போய் வளையல், கொண்டை ஊசி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். வெறும் புடவையோடு வந்து நின்றபோதும் கத்தியது. பின்னால் நூற்றுநாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மேனேஜர் இறங்கி வந்தார்.

"முழுங்கிட்டா. போலீசுக்குப் போன் போடு, வயித்தக் கிழிச்சாவது எடுக்கட்டும்."

 ராஜலட்சுமி சென்றாயனின் கையிலிருந்த சோதனைக் கருவியைப் பிடுங்கி, தலையிலிருந்து பாதம்வரை தானே ஓட்டிக் காட்டினாள். தலையில் சத்தமில்லை. மார்பில் இல்லை. வயிற்றருகே வந்ததும் கத்தியது; நின்றது; இரண்டு முறை கத்தியது; மறுபடி நின்றது. மங்கம்மா வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஒதைக்குதுங்க சார். ஒதைக்கிற நேரத்துக்குத்தான் கத்துது."

மேனேஜர் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று கேட்டார். ஒவ்வொரு உதைக்கும் ஒரு சத்தம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மாடியேறினார். வால்வு சனிக்கிழமை சக்கை டிராக்டரில் கிடைத்தது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அவள் தின்ற மாவின் கதை பரவி, சக்கையைக் காயவைக்க ஆலைக்குப் பின்னால் தார்ப்பாய் விரிக்கப்பட்டது. அடுத்த மாதம் எல்லா ஷிப்டிலுமாகக் கர்ப்பிணிகள் முப்பது பேர் வீட்டில் களி ஊதாவானது. தினமும் முப்பது முறை கத்துவதைக் கேட்டுச் சலித்துப்போன சென்றாயன் டிடெக்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

ஆவணியில் கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது, மூன்று கிலோ. தொப்புள்கொடி வெட்ட நர்ஸ் எடுத்த கத்தரிக்கோல் கையை விட்டு நழுவிக் குழந்தையின் குதிகாலில் ஒட்டிக்கொண்டது. நர்ஸ் அதை இழுத்து எடுத்து, வேறொன்றால் கொடியை வெட்டிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.