பட்டம் இல்லாத ஜெபசீலன்

1967 ஜூலையில் மேற்குத் தாம்பரத்தில் ஜெபசீலன்கள் இரண்டு பேர் ஆனார்கள். அவர்களில் சொன்ன சொல்லில் நின்றவருக்குப் பட்டம் இல்லை.

மூத்தவர் தலைமையாசிரியர். வாசல் பலகை, குடைப்பிடி, ஞானப்பாட்டுப் புத்தகம், வெந்நீர் கூஜா எல்லாவற்றிலும் பெயருக்குப் பின்னால் பி.ஏ., எல்.டி. இருக்கும். தங்கை தபீதாள் தையல் டீச்சர், கணவனை இழந்தவள். அப்பா விட்டுப்போன வீட்டில் பங்கு கேட்டு இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாள். கடைசியில் ராஜியாகப் போகலாம் என்று அண்ணனே சொல்லியனுப்பினார். கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகள் அவளுக்கு. பத்திரம் அடித்தவர், அண்ணன் பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கேட்டபோது, "அண்ணன் தங்கச்சிக்குள்ள பட்டம் எதுக்கு சார், பேர் மட்டும் போதும்" என்றாள். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கையெழுத்தானது. அண்ணன் செய்த ஜெபம் முடிவதாகத் தெரியாததால் போதகர் நடுவிலேயே ஆமென் சொன்னார். மறுநாளே தபீதாள் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டாள்.

ஜூலையில் அறைகளைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் ஓடினாள். அவர் கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார்.

"இதுல பி.ஏ., எல்.டி. எங்க இருக்கு? இந்த ஜெபசீலன் வேற யாரோ."

"நான் பக்கத்துலதானே நின்னேன், அண்ணா."

"கையெழுத்துப் போட்டவன்கிட்டப் போய்க் கேளு."

அன்று சாயங்காலம் மின்சார ரயிலில் போட்டவர் வந்து இறங்கினார். அதே வழுக்கை, அதே மச்சம், கையில் குடை மட்டும் இல்லை. ரிக்‌ஷாக்காரர் துலுக்காணத்திடம் வழி கேட்டார்.

"இன்னா சார், உங்க வூட்டுக்கே வழி கேக்குற?"

"என் தங்கச்சி வீடுப்பா" என்றார் அவர்.

வந்த வாரமே பத்திரத்தில் கண்டபடி நடுச்சுவர் எழுப்பி, கிழக்கு அறைகளுக்கு ஓடு மாற்றினார். தலைமையாசிரியர் கோர்ட்டுக்குப் போய், அந்த ஜெபசீலன் நானில்லை என்று வேதத்தின் மேல் சத்தியம் செய்தார். முன்சீப் அதை அப்படியே பதிவு செய்துகொண்டு பட்டாவைப் பார்த்தார். மகன் பையனாக இருந்தபோதே அப்பா அவன் பெயரில் வாங்கிய பட்டா. அதிலும் பட்டம் இல்லை. ஆகவே வீடு முழுவதும் பட்டம் இல்லாத இளையவருடையது என்று தீர்ப்பானது. மேற்கு அறைகளில் தலைமையாசிரியர் இருந்துகொள்ளலாம் என்று இளையவர் பெருந்தன்மையாக அனுமதித்தார்.

ஒருநாள் இளையவருக்குச் சாப்பாடு போடும்போது தபீதாள் கேட்டாள். "மழையில என்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போவியே, ஞாபகம் இருக்கா அண்ணா?"

அவர் சங்கடப்பட்டார். "ஏப்ரல் பன்னிரண்டுக்கு முன்னாடி எனக்கு எதுவும் தெரியாதும்மா."

தெரிந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தார். தபீதாள் குழம்பை ஊற்றினாள்.

1971இல் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், இளையவருக்கு வயது மூன்று, தலை வழுக்கை என்று கேட்டதையும் கண்டதையும் எழுதிக்கொண்டு, உறவுமுறை என்ன என்றார்.

"அண்ணன்" என்றாள் தபீதாள்.

"மேற்கு ரூம்ல இருக்கவர்?"

அவள் சற்று யோசித்தாள்.

"குடியிருக்கிறவர்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.